அருவிப் படங்களும் நமது ரசனையும்

2025 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் திருகோணமலை நகரில் மாணவர் நிழற்படக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. துறைமுகத்தின் மாலைப் பொழுது, கோணேசர் மலையின் செங்குத்தான பாறை முகம், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடுவோர், கரையில் இழுத்து நிறுத்திய மீன்பிடி வள்ளங்கள் என நமது மாவட்டத்தின் காட்சிகள் பல சுவர்களை அலங்கரித்தன. ஆயினும், நடுவர்களாக அமர்ந்திருந்த நம்மையும் ஏனைய இருவரையும் ஒருசேரக் கவர்ந்தது வேறொரு படம். மலையகத்திலே, எல்லவிலிருந்து வெல்லவாயவுக்குச் செல்லும் வீதியோரத்தில் விழுகின்ற இராவணா நீர்வீழ்ச்சியின் படம் அது. கரிய பாறைகளுக்கிடையே நீர் பஞ்சாய், பட்டாய், பாற்புகையாய் இறங்கியது. ஒரு மனித உருவமும் இல்லை. ஒரு துரும்பின் அசைவும் இல்லை. 'நீரின் மௌனத்தைக் கண்டுகொண்ட படம்' என்று எழுதி அதற்கு முதற்பரிசு வழங்கினோம்.

பரிசளிப்பு முடிந்ததும் அம்மாணவன் நம்மிடம் வந்தான். கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் மகன்; உயர்தர வகுப்பிற் படிப்பவன். படம் எடுத்த விதத்தை மகிழ்ச்சியோடு சொன்னான். எச்சரிக்கைப் பலகையைக் கடந்து, மூன்று பாறைகள் தாவி, அருவியின் நேர் கீழே முழங்கால் அளவு நீரில் நின்றிருக்கிறான். பின்னாலிருந்து நண்பன் ஒருவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நண்பனின் கால் வழுக்கிற்று. இருவரும் நீரில் விழுந்து, ஐந்தாறு முழம் இழுபட்டு, ஒரு பாறை இடுக்கிலே தங்கினர். செருப்புகள் போயின. நண்பனின் முழங்கை பிளந்தது. இவன் கையை உயர்த்திப் பிடித்தபடியே விழுந்தானாம். "மாமாவிட கமரா, சேர். ஆனா நனையேல்ல" என்று சிரித்தான்.

நமக்குச் சிரிக்க இயலவில்லை. அந்தப் படத்தை மீண்டும் சென்று பார்த்தோம். அதில் வழுக்கலும் இல்லை, இழுவையும் இல்லை, பிளந்த முழங்கையும் இல்லை. அவை இல்லாதிருந்தமையையே நாம் அழகென்று மெச்சியிருந்தோம். 'மௌனம்' என்று நாம் எழுதிய அந்த நீர் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோகப் பார்த்த நீர். எனவே இக்கட்டுரை அந்த மாணவனைக் கண்டிப்பதற்காக எழுதப்படுவதன்று. நமது தீர்ப்பைத் திரும்ப விசாரிப்பதற்காகவே எழுதப்படுகின்றது.

அருவிப் படம் என்பது இன்று ஒரு தனி வகையாகிவிட்டது. நாட்காட்டிகளிலும், உல்லாசப் பயணத்துறையின் சுவரொட்டிகளிலும், தேயிலைப் பெட்டிகளிலும், கைத்தொலைபேசித் திரைகளிலும் அது ஒரே இலக்கணத்துடன் தோன்றுகின்றது. நீர் பட்டுப்போல் மிருதுவாக இருக்க வேண்டும், மனிதர் இருத்தலாகாது, வீதி, மின்கம்பி, வேலி, அறிவிப்புப் பலகை எவையும் தென்படலாகாது. அவ்விடத்தை முதன்முதற் கண்டவர் படம் எடுத்தவரே என்ற மயக்கம் பார்ப்பவருக்கு உண்டாக வேண்டும். இந்த இலக்கணம் எவ்வாறு பிறந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் படம் பிடிப்போர் ஈரக் கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தினர். ஒளியை மெதுவாகவே ஏற்கும் தகடுகள் அவை. மூடியைத் திறந்து பல வினாடிகள் காத்திருக்க வேண்டும். அந்நேரத்துக்குள் பாறை அசையாது, மரம் ஓரளவு அசையாது, நீரோ ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே தகட்டிலே பாறை கூர்மையாகவும் நீர் மங்கிய வெண்புகையாகவும் பதிந்தன. அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கிலே கார்ல்ட்டன் வாட்கின்ஸ் 1861 இலும், எட்வேர்ட் மைபிரிட்ஜ் 1872 இலும் எடுத்த பெரும் படங்களில் இதனைக் காணலாம். கருவியின் இயலாமை அது. இன்றைய கமரா வினாடியின் ஆயிரத்திலொரு பங்கில் ஒவ்வொரு நீர்த்துளியையும் நிறுத்திக் காட்ட வல்லது. ஆயினும் வில்லைக்கு முன்னே கருங்கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, வேண்டுமென்றே ஒளியைக் குறைத்து, பழைய மங்கலை மீண்டும் வரவழைக்கின்றனர். அன்று குறையாக இருந்தது இன்று நாகரிகமாகிவிட்டது.

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். உண்மையை மாற்றிக் காட்டுவது கலையின் உரிமை அல்லவா? உரிமைதான். ஆனால் எதை மாற்றுகிறோம் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ஒரு கன மீற்றர் நீரின் நிறை ஆயிரம் கிலோகிராம். காற்றின் தடை இல்லையெனக் கொண்டால், இருபத்தைந்து மீற்றர் உயரத்திலிருந்து விழும் நீர் அடியைத் தொடும்போது மணிக்கு ஏறத்தாழ 80 கிலோமீற்றர் வேகம் கொண்டிருக்கும். இராவணா நீர்வீழ்ச்சியின் உயரம் ஏறத்தாழ அவ்வளவே. பம்பரகந்தையின் உயரம் 263 மீற்றர். தியலுமவின் உயரம் 220 மீற்றர். இத்தகைய விசையைப் பட்டுத் துணியாகக் காட்டும் படம், பார்க்கின்ற இளைஞனுக்கு ஒரு செய்தியைச் சொல்கின்றது: இது மென்மையானது, அருகே வா.

அருகே சென்றால் என்ன நேரும் என்பதை மலைவாசிகள் அறிவர். கடற்கரைப் பிள்ளைகள் அறியார். நமது மாணவன் நீந்தத் தெரிந்தவன். கடலில் வளர்ந்தவன். அந்த நம்பிக்கையே அவனை இறக்கிற்று. உப்புநீர் உடலைத் தாங்கும் அளவுக்கு நன்னீர் தாங்காது. அருவியின் அடியிலே நுரைத்துக் கொதிக்கும் நீரோ காற்றுக் குமிழிகள் நிறைந்தது. அது நன்னீரினும் குறைவாகவே தாங்கும். அங்கு வலிய நீச்சற்காரனும் அமிழ்வான். விழும் நீர் அடியிலிருந்து சுழன்று மேலெழுந்து மீண்டும் அருவிக்கே திரும்புவதால், அகப்பட்டவனை வெளியே விடாது. பாறைகளின் மீது படரும் பாசி கண்ணுக்குப் புலப்படாதது. மேலே, பார்வைக்கெட்டாத மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் எறித்துக்கொண்டிருக்கும் போதே வெள்ளம் வரும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சலின் சுருதி மாறுதல் ஆகியவையே முன்னறிவிப்புகள். கடலுக்குப் போகும் நமது மீனவர் வானத்தின் நிறத்தையும் நீரோட்டத்தின் திசையையும் வாசிப்பது போலவே, மலை நீரையும் வாசிக்கப் பழக வேண்டும். அந்த எழுத்தை நாம் எந்த வகுப்பிலும் கற்பிக்கவில்லை.

கமரா இவற்றோடு இன்னுமோர் ஆபத்தைச் சேர்க்கின்றது. வில்லையினூடு பார்ப்பவன் சட்டத்துக்குள் உள்ளதை மட்டுமே பார்க்கிறான். அவனது கால்கள் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. காட்சி முழுவதும் அடங்க வேண்டுமென்று அவன் ஓரடி பின்வைக்கும் போது, பின்னால் நிலம் உண்டா என்பதை யார் பார்ப்பது? நம் ஊரில் கோணேசர் மலையின் 'இராவணன் வெட்டு' ஓரத்திலே கைத்தொலைபேசியை நீட்டிப் பிடித்தபடி பின்னோக்கி நகரும் பயணிகளைக் கண்டோர் இதனை நன்குணர்வர். இராவணன் பெயரால் வழங்கும் இரு விளிம்புகள், ஒன்று கடலுக்கு மேலே, மற்றொன்று அருவிக்குக் கீழே. இரண்டிலும் ஒரே மயக்கம்.

இது கற்பனைப் பயமன்று. தமிழ்நாட்டிலே, திண்டுக்கல் மாவட்டத்துப் புல்லாவெளி அருவியில் 2022 ஓகஸ்ட்டில் ஓர் இளைஞர் விளிம்புப் பாறையில் நின்று படத்துக்குத் தோற்றம் கொடுக்கையில் வழுக்கி விழுந்தார். நண்பரின் கைத்தொலைபேசி அந்த வீழ்ச்சியையும் பதிவு செய்தது. 2024 மே 17 இல் பழைய குற்றால அருவியிலே திடீர் வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுசென்றது. படம் எடுக்காதவனையும் அந்த நீர் விடுவதில்லை. அமெரிக்காவின் வேர்ணல் அருவி உச்சியில் 2011 யூலையில் தடுப்புக் கம்பியைத் தாண்டி நீருள் இறங்கிய பயணிகளில் மூவர் அடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் தாண்டியது படத்துக்காகவே என்று உடனிருந்தோர் கூறினர். இந்திய மருத்துவ ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்று, 2011 ஒக்ரோபர் முதல் 2017 நவம்பர் வரை தற்படம் எடுக்கையில் உலகெங்கும் இறந்தோராகச் செய்திகளில் வந்தவர்கள் 259 பேர் எனக் கணக்கிட்டது. நீரில் மூழ்கி இறந்தவர்களே அவர்களுள் மிகுதி. நாடுகளுள் இந்தியா முதலிடம் பெற்றது.

இத்தகைய செய்திகள் வரும்போது நம்மவர் சொல்லும் தீர்ப்பு ஒன்று உண்டு: 'இளரத்தம், பைத்தியக்காரத்தனம், இந்தக் காலத்துப் பிள்ளைகள்.' இத்தீர்ப்பு மிகவும் வசதியானது. இதனைச் சொன்னபின் வேறெதையும் சிந்திக்க வேண்டியதில்லை. ஆனால் ஆபத்தை விலைகொடுத்து வாங்கும் ரசனையை இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடிக்கவில்லை. அது நிழற்படக் கலையோடு உடன்பிறந்தது.

நயாகரா அருவியின் ஓரத்திலே உல்லாசப் பயணிகளைப் படம் பிடித்து விற்பதற்கு உரிமை பெற்றிருந்தவர் பிளாற் பபிற் என்பவர். 1853 யூலையில் ஆற்றிலே ஒரு படகு கவிழ்ந்தது. அதிலிருந்தோரில் இருவர் உடனே மாண்டனர். எஞ்சிய ஒருவர் அருவிக்கு மேலே நீரின் நடுவே சிக்கியிருந்த மரமொன்றைப் பற்றிக்கொண்டு, ஏறத்தாழ பதினெட்டு மணி நேரம் உயிரோடு போராடினார். கரையிலே கூட்டம் திரண்டது, காப்பாற்ற முயன்றவர்களும் இருந்தனர், முயற்சிகள் தோற்றன. பபிற் தமது பெட்டியைத் திருப்பி அக்காட்சியைத் தகட்டிலே பதித்தார். அம்மனிதர் அருவியோடு போனார், தகடு நிலைத்தது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் அது இன்றும் இருக்கின்றது. அதிலே ஆற்றின் நடுவில் ஒரு சிறு கருமை, அதுதான் மனிதன். அருவிப் படத்தின் முழு வரலாறும் அந்தக் கருமையில் அடங்கியிருக்கிறது என நமக்குத் தோன்றுகின்றது. முதலில் மனிதன் சிறுத்தான். பின்னர் சட்டத்திலிருந்தே அகற்றப்பட்டான்.

அகற்றப்பட்டமை தற்செயலன்று. வாட்கின்ஸும் மைபிரிட்ஜும் யோசெமிட்டியை ஆளரவமற்ற கன்னி வனமாகக் காட்டினர். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்த அஹ்வானீச்சி மக்களை 1851 இல் ஆயுதப்படை ஒன்று புகுந்து துரத்தியிருந்தது. முதலில் மக்கள் வெளியேற்றப்பட்டனர். பின்னர் வெறுமை அழகென்று படம் பிடிக்கப்பட்டது. 'மனிதர் அறியாத இடம்' என்று ஒரு படம் நமக்குச் சொல்லுமானால், எந்த மனிதர், அவர்கள் எங்கே போயினர் என்று கேட்பது விமரிசகனின் முதற்கடமை.

இலங்கையின் அருவிகளிடம் இக்கேள்வியைக் கேட்போம். நமது பேரருவிகளிற் பல தேயிலைத் தோட்டங்களின் நடுவே அல்லது விளிம்பிலே வீழ்கின்றன. டெவோன், சென் கிளேயர் என்னும் பெயர்களே ஆங்கிலத் துரைமாரின் பெயரேட்டிலிருந்து வந்தவை. அருவிக்கு வலப்புறமோ இடப்புறமோ கமராவைச் சற்றுத் திருப்பினால் கொழுந்து பறிக்கும் பெண்களும், நூறு ஆண்டுகளைக் கடந்த லயன்களும் சட்டத்துக்குள் வந்துவிடும். ஆகவே கமரா திருப்பப்படுவதில்லை. தியலும அருவியைப் படம் எடுக்காத பயணி இல்லை. அதே கொஸ்லந்தைப் பகுதியிலே, மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் மீது 2014 ஒக்ரோபர் 29 காலையில் மலை சரிந்து விழுந்தது. தொழிலாளர் குடும்பங்கள் வீடுகளோடு புதையுண்டன. அந்த மலைச்சரிவு ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று 2005 ஆம் ஆண்டிலேயே எச்சரிக்கப்பட்டிருந்தது. செல்வதற்கு மாற்று நிலமும் வீடும் இருந்தாலல்லவா எச்சரிக்கை பயன்படும்? அருவியை வளர்க்கும் அதே மழை, அதே செங்குத்து, அதே மண். ஒன்று நாட்காட்டியில் ஏறிற்று. மற்றொன்று ஒரு வாரச் செய்தியாயிற்று.

காட்டருவியின் ஆபத்து என்று பேசும்போது நாம் பயணியின் ஆபத்தை மட்டுமே கணக்கெடுக்கிறோம். அவன் ஒருநாள் வந்து போகிறவன். அந்தச் சரிவிலே நாள்தோறும் துயில்கின்றவர்களின் ஆபத்தை எந்தப் படத்தில் தேடுவது?

சென் கிளேயரின் கதை இன்னும் விசித்திரமானது. தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம், 150 மெகாவாட் வலுவுடையது, 2012 இல் இயங்கத் தொடங்கிற்று. அருவிக்குரிய நீர் சுரங்கத்துள் திருப்பப்பட்டது. அருவி அழிந்துவிடுமே என்ற எதிர்ப்புக்கு விடையாக, பகலிலே ஏறத்தாழ பத்தரை மணி நேரம் அருவிக்கு நீர் விடுவதாக ஏற்பாடு செய்யப்பட்டது. அதாவது, பார்ப்பவர் இருக்கும் நேரத்தில் அருவி உண்டு. இல்லாத நேரத்தில் இல்லை. நாம் மின்சாரத்துக்கு எதிரிகளல்லர். விமலசுரேந்திர இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட நீர்மின் கனவு இந்நாட்டு வீடுகளுக்கு ஒளி தந்தது. ஆனால் மணிக்கூட்டின்படி விழும் நீரை 'கட்டுக்கடங்கா இயற்கை' என்று படம் எடுத்துப் பரிசு பெறுவதில் உள்ள நகைப்பை நாம் உணர வேண்டாமா? அணைகளின் கீழே நிற்போர் இன்னொன்றையும் உணர வேண்டும். கதவு திறக்கப்படும் போது வானத்தில் முகிலே இல்லாமலும் ஆறு பெருகும். கற்பனையான 'காட்டினுள்' நிற்பதாக நம்புகிறவனுக்கு அபாயச் சங்கின் பொருள் விளங்காது.

நிற்க. இங்கே ஒரு மறுப்பு எழும். 'அழகைக் கண்டால் அனுபவிக்க முடியாத முற்போக்காளர் இவர்கள். பூவைக் கண்டாலும் பூவின் வர்க்கம் எது என்பார்கள்' என்று கலாரசிகர் சிலர் கூறுவர். நாம் அழகை மறுக்கவில்லை. அந்த மாணவனின் படத்தில் ஒளியும் நிழலும் அமைந்த விதம் இன்றும் நம் கண்ணில் நிற்கின்றது. நமது முறைப்பாடு அழகு மிகுந்துவிட்டது என்பதன்று; அது குறைவுபட்டது என்பதே. இதனைத் தமிழ் மரபின் துணைகொண்டே காட்டலாம்.

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். அந்த நிலத்தில் வாழும் உயிர்கள், மக்கள், அவர்கள்தம் உணவு, தொழில், பறை, யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். மக்களின் ஒழுக்கத்தையும் உணர்வையும் உரிப்பொருள் என்றார். மூன்றனுள் சிறந்தது உரிப்பொருளே. ஏனையவை அதற்காகவே நிற்பன. குறிஞ்சிக்குரிய நீர் அருவியும் சுனையும். ஆனால் குறிஞ்சி அருவியோடு முடிவதில்லை. தினைப்புனம் காத்தல், தேன் அழித்தல், கிழங்கு அகழ்தல், அருவி ஆடல் என்று அம்மக்களின் உழைப்பும் களிப்பும் அருவியோடு பின்னிக் கிடக்கின்றன. கபிலரின் குறிஞ்சிப்பாட்டிலே அருவிக்குச் செல்கிறவர்கள் தினை காக்கச் சென்ற பெண்களே.

இன்றைய அருவிப் படமோ முதற்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, கருப்பொருளைத் துடைத்து, உரிப்பொருளை மறந்த ஒன்று. அத்தகைய செய்யுளை நம் முன்னோர் குறிஞ்சி என்று ஏற்றிருப்பார்களா? இன்னுமொன்று. அகத்திணை மரபிலே 'புனல்தரு புணர்ச்சி' என்று ஒரு துறையே உண்டு. நீராடுகையில் வெள்ளத்தில் அகப்பட்ட தலைவியைத் தலைவன் குதித்துக் காப்பதிலிருந்து காதல் பிறக்கின்றது. நீர் கொல்லும் என்பதை அறிந்திருந்த கவிஞரே அந்தத் துறையை அமைத்திருக்க முடியும். அவர்கள் நீரின் ஆபத்தை மறைத்து அழகு செய்யவில்லை. ஆபத்தினூடே மனிதனை மனிதன் பற்றிக்கொள்வதை அழகென்றனர். நமது மாணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நண்பனின் கை அந்தப் படத்தில் இருந்திருக்குமானால், அது எத்துணை உயர்ந்த படமாகியிருக்கும்!

கமராவால் இது இயலாது என்று கூறுவதற்கில்லை. 1875 இல் இலங்கைக்கு வந்து இங்கேயே மறைந்த யூலியா மாகிரற் கமரன் அம்மையார், களுத்துறைப் பகுதியில் வாழ்ந்தபோது, தமது பெட்டியை மலைகளின் பக்கம் அல்ல, உழைக்கும் மக்களின் முகங்களின் பக்கம் திருப்பினார். துரைத்தனப் பார்வை அப்படங்களில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. எனினும் அங்கே முகங்கள் உள. 1934 இல் பசில் றைற் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்' என்னும் செய்திப்படம் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் எடுக்கப்பட்டது. அதற்கு உரை வாசித்தவர் நமது நாட்டின் தலைசிறந்த நிழற்படக் கலைஞரான லயனல் வென்ட். அதன் ஒரு பகுதியிலே உழைக்கும் மக்களின் காட்சிகளுக்கு மேலாகச் சந்தை விலைகளைக் கூறும் வணிகக் குரல்கள் ஒலிக்கின்றன. விளம்பரத்துக்கென எடுத்த படத்துள்ளும் வாணிபத்துக்கும் உழைப்புக்கும் இடையிலுள்ள உறவு செவிக்குப் புலனாயிற்று. கலைஞனுக்கு மனமிருந்தால் கருவி தடையன்று.

ஆயினும் மாணவனிடம் மட்டும் மனமிருந்தாற் போதாது. அவன் ஏன் அந்தப் பாறைக்குச் சென்றான்? அப்படிப்பட்ட படங்களே பாராட்டப்படுகின்றன என்பதை அவன் அறிந்திருந்தான். உல்லாசப் பயணத்துறைக்கு வெறுமையான அருவி வேண்டும். கைத்தொலைபேசி நிறுவனங்களுக்கு மேலும் மேலும் பார்வைகள் வேண்டும். நம்மைப் போன்ற நடுவருக்கு 'மௌனம்' வேண்டும். கண்டவர் எத்தனை பேர் என்ற கணக்கே இன்று படத்தின் விலை. வசதி படைத்த தொழில்முறைக் கலைஞன் கயிறும் உதவியாளரும் நீண்ட வில்லையும் கொண்டு கரையில் நின்றே படம் எடுப்பான். இரவல் கமராவும் இறப்பர்ச் செருப்பும் உடைய மீனவரின் மகன் அதே படத்தைப் பெறுவதற்குத் தன் உடலையே முதலீடு செய்ய வேண்டியிருக்கிறது. ஒரே ரசனைக்கு இருவரும் செலுத்தும் விலை ஒன்றல்ல. எச்சரிக்கைப் பலகை இந்த வேறுபாட்டைத் தீர்க்காது. பரிசு வழங்குவோர் தமது அளவுகோலை மாற்றினால் ஓரளவு தீரும்.

நாம் செய்தது சிறிது. அடுத்த கூட்டத்திலே மாணவர் முன் எழுந்து, பரிசு அவனுக்கே உரியது, ஆனால் நடுவர் குறிப்பு பிழையானது என்று அறிவித்தோம். அவனையும் நண்பனையும் நடந்ததைச் சொல்லச் செய்தோம். பின்னர் மாணவர்களே சில விதிகளை வகுத்தனர். நீருக்குள்ளும் அருவி உச்சியிலும் நின்று எடுத்த படம் போட்டிக்கு ஏற்கப்படாது. வில்லையில் கண் வைத்தபடி ஓரடியும் நகரலாகாது. இருவராகவே செல்ல வேண்டும். ஒருவர் படம் எடுக்கையில் மற்றவர் நீரையும் வானத்தையும் மட்டுமே பார்க்க வேண்டும். நீர் கலங்கினால் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். போகும் ஊரில் வாழ்கின்ற ஒருவரிடமாவது அந்த நீரைப் பற்றிக் கேட்டறியாமல் கமராவைத் திறக்கலாகாது. கடைசி விதியைச் சொன்னவன் அந்த மாணவனே. அருவிக்கு அருகே சோளம் அவித்து விற்ற அம்மா ஒருவர் அன்று தங்களை நோக்கிக் கையசைத்துக் கூப்பிட்டதாகவும், தாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும் அவன் அப்போதுதான் சொன்னான்.

அவ்வாண்டு நவம்பர் இறுதியிலே 'டித்வா' புயல் வந்தது. மலையகத்தில் நிலம் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். நாம் அழகென்று சுவர்களில் மாட்டிய நீர் மகாவலியிலே திரண்டு, நமது மாவட்டத்தை நோக்கி வந்தது. சென் கிளேயரும் டெவோனும் இறம்பொடையும் துன்ஹிந்தவும் வீழ்த்தும் நீர் அனைத்தும் 335 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றின் வழியே இறுதியில் கொட்டியாரக் குடாவில்தான் கடலைச் சேர்கின்றது என்பதை எத்தனை பேர் நினைத்திருந்தோம்? மாவிலாற்றின் அணைக்கரை உடைந்தது. மூதூர், வெருகல் பகுதிகளின் வயல்களும் வீடுகளும் நீருள் நின்றன. மலையிலே மடிந்தவரும் கீழே மூழ்கியவரும் ஒரே நீரால் வருந்தினர். அவர்களுள் மிகப் பலர் சரிவிலோ தாழ்நிலத்திலோ வாழ்வதைத் தவிர வேறு வழியற்ற உழைப்பாளிகள்.

வெள்ளம் வடிந்தபின் அந்த மாணவன் நிவாரணப் பொதிகளோடு மூதூர்ப் பக்கம் சென்ற இளைஞர்களுடன் போயிருந்தான். திரும்பி வந்து ஒரு படத்தைக் காட்டினான். ஒரு வீட்டின் உட்சுவர். சுவரில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. கோட்டுக்கு மேலே, நனையாத இடத்தில், ஆணியில் தொங்கும் ஒரு நாட்காட்டி; அதில் ஓர் அருவி. கோட்டுக்குக் கீழே, சேற்றைச் சுரண்டிக்கொண்டிருக்கும் வயோதிபப் பெண்ணின் கைகள். படம் சற்றுக் கலங்கியிருந்தது; ஒளியும் போதவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் எடுத்ததாகவும், எடுத்த பிறகு தானும் ஒரு தகரத்துண்டை எடுத்துச் சேறு சுரண்டியதாகவும் சொன்னான்.

அதற்கு எந்தப் பரிசும் இல்லை, போட்டியும் இல்லை. ஆனால் முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் அங்கே ஒருங்கே நின்றன. ஆசிரிய நண்பர்களே, மாணவ நண்பர்களே, இனி நம் முன்னே ஓர் அருவிப் படம் வைக்கப்படுமாயின், எவ்வளவு அழகு என்று கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்போம். எடுத்தவன் எங்கே நின்றான்? அங்கே வாழ்கிறவர்கள் எங்கே போனார்கள்? இந்த நீர் யாருடைய வாசலுக்குப் போய்ச் சேருகிறது? இம்மூன்றுக்கும் விடை கூறும் படம் அழகாக இல்லாமற் போகாது.